வீடு துறந்தோரும் வீடு தந்தோரும்

திருத்தணிகை என்னும் பெயருக்குத் தலவரலாறு கூறும் பொருள், முருகப்பெருமானின் சினம் தணிந்த இடம் என்பதாகும். வள்ளியம்மையின் கதையும் அந்த மலையோடு பிணைந்து நிற்கிறது. வேடர் தலைவன் நம்பி வளர்த்த மகள், தான் தெரிந்துகொண்ட தெய்வத்தோடு இரவில் இல்லம் நீங்குகிறாள். சுற்றத்தார் வில்லேந்தித் தொடர்ந்து வந்து மாண்டு வீழ்கின்றனர். அவர்களுக்காக அவள் அழுகிறாள். மாண்டோர் உயிர்பெற்றெழுந்தபின் பெற்றோர் இசைவுடன் அவர்கள் ஊரிலேயே மணம் நடைபெறுகிறது. அதன்பின்னரே இருவரும் தணிகை மலையை அடைகின்றனர். கந்தபுராணம் விரித்துரைக்கும் இக்கதையை நம்புவது நம் சமயத்தார்க்கு உரியதன்று. எனினும், இறைவனுக்காக வீட்டை விட்டுப் போனவள் கைவிட்ட வீட்டிற்காக அழுதாள் என்பதையும், அவ்வீட்டாரின் இசைவு பெற்ற பின்னரே மணம் நிறைவுற்றது என்பதையும் அந்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்திருக்கின்றனர் என்பது நாம் கருதத்தக்கது.

கடும் மதப்பற்றும் கட்டுப்பாடும் கொண்ட குடும்பங்களிலிருந்து மனச்சாட்சியின் பொருட்டு வெளியேறியவர்கள் எவ்வாறு வாழ்வை மீண்டும் தொடங்கினர்? அவர்களை ஏற்றுக்கொண்ட திருச்சபை அவர்களுக்கு எத்தகைய வீடாக அமைந்தது? இவ்விரு வினாக்களையும் நம் நாட்டு வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. துறவும் மதமாற்றமும்

வீடு துறத்தல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. திருத்தணியின் படித்திருவிழாவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடி ஏறும் இவ்வழக்கத்தை 1917ஆம் ஆண்டளவில் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். அர்த்தநாரி என்னும் இயற்பெயர் கொண்ட அவர் மைசூர் அரண்மனையில் சமையற் பணியாற்றியவர். குடும்பத்தை விட்டுத் துறவு மேற்கொண்டவர். அவரை இல்லம் துறந்தவர் என்பதற்காக எவரும் பழிக்கவில்லை, வணங்கினர்.

ஆயின், அதே சமுதாயம் மற்றொரு சமயத்தைத் தழுவி வெளியேறியவனை இறந்தவனாக எண்ணியது. சில குடும்பங்களில் அவனுக்கு ஈமக்கடனே செய்து முடித்ததுண்டு. இவ்வேறுபாட்டின் காரணத்தை நாம் நேர்மையோடு ஆராய வேண்டும். துறவி குடும்பத்தை விட்டுச் செல்கிறான். ஆனால் அக்குடும்பம் மதிக்கும் விழுமியங்களின் உச்சியை நோக்கியே செல்கிறான். அவனுடைய துறவால் குலத்திற்குப் பெருமை உண்டு. உடன்பிறந்த பெண்களின் திருமணம் தடைப்படுவதில்லை. மதம் மாறியவனோ பிறரோடு உண்டு சாதி ஒழுக்கத்தை மீறுகிறான். பெற்றோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் மகன் இல்லாமற் போகிறான். தங்கையைக் கொள்வார் இலர். வீட்டாரோடு பிறர் உணவு கொள்ளவும் தயங்குவர். எனவே பெற்றோரின் சீற்றத்திற்குப் பின்னால் அச்சம் இருந்தது; அச்சத்திற்குப் பின்னால் அன்பும் இருந்தது. நம் மிஷன் வரலாறுகள் அப்பெற்றோரைக் கொடியவர்களாக மட்டுமே தீட்டிவிட்டன. இது வரலாற்றிற்கு நீதி செய்வதாகாது.

இதனால் கொடுமையே நிகழவில்லை என்பது பொருளன்று. உணவு, கல்வி, திருமணம், சொத்து, தாயின் முகம் ஆகிய அனைத்தையும் ஒருவனுடைய நம்பிக்கைக்கு விலையாக வைக்கும் வீடு எச்சமயத்தைச் சார்ந்ததாயினும் தீவிரமான வீடே. பக்தி மிகுவதால் ஒரு வீடு தீவிரமாகிவிடுவதில்லை. அங்கிருப்பவர் ‘இல்லை’ என்று சொல்லவும் அன்பை இழவாதிருக்கவும் இடமில்லாதபோதே அது அவ்வாறாகிறது. இவ்வளவுகோலை நாம் பிறர் வீடுகளுக்கு இடுமுன் நம் வீடுகளுக்கும் இடக் கடமைப்பட்டுள்ளோம்.

2. மிஷன் பள்ளிகளும் பெற்றோரின் அச்சமும்

திருத்தணி அக்காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தில் கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனோடு இணைந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள், ஆந்திரத்துடன் செய்துகொண்ட எல்லைத் திருத்தத்தின்படி தமிழ் மாநிலத்திற்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் இப்பகுதியின் தெற்கிலும் மேற்கிலும் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷனும், வடக்கில் ஜெர்மானிய லுத்தரன் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனும் பணியாற்றின.

1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இம்மிஷன்களின் பள்ளிகள் வழியாகவே வளர்ந்தவர். திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளி, வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரீஸ் கல்லூரி, பின்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று அவருடைய கல்வியின் பெரும்பகுதி கிறிஸ்தவ நிறுவனங்களிலேயே அமைந்தது. அவர் வீட்டை விடவில்லை, சமயத்தையும் விடவில்லை. அங்குக் கேட்ட கிறிஸ்தவ விமர்சனங்கள் தம் உள்ளத்தைக் கலக்கியதையும், அக்கலக்கமே இந்து சமயத்தை ஆராயத் தம்மைத் தூண்டியதையும் அவரே பிற்காலத்தில் எடுத்துக் கூறியுள்ளார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908இல் அவர் எழுதிய ஆய்வுரையை மதித்துப் பாராட்டியவர் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் ஆவார். மாணவனின் மனச்சாட்சியை வளைக்காமல் அவனுடைய சிந்தனையைக் கூர்மையாக்கிய ஆசிரியர் ஒருவர் அங்கிருந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் சென்னையில் நிலைமை வேறாக இருந்தது. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் பள்ளியை நடத்த 1837இல் வந்த ஜான் ஆண்டர்சன், 1841 ஜூன் மாதத்தில் இராஜகோபால், வெங்கடராமையா என்னும் இரு மாணவர்க்குத் திருமுழுக்களித்தார். நகரமே அதிர்ந்தது. பெற்றோர் கூட்டங்கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, நூற்றுக்கணக்கானோர் பயின்ற பள்ளியில் மிகச் சிலரே எஞ்சினர். அதே ஆண்டிலேயே எத்திராஜுலு என்பாரும் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த ஆண்டு, 1842இல், பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையால் தோன்றிய பள்ளி, மதமாற்ற அச்சமின்றி ஆங்கிலக் கல்வி பெறும் வாய்ப்பை இந்துச் சிறுவர்க்கு அளித்தது. 1844இல் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய ‘கிரெசென்ட்’ இதழ் மிஷனரிகளின் முறைகளைக் கண்டித்துக் குரல் எழுப்பியது.

அம்மாணவர்கள் மிஷன் இல்லத்திலேயே தங்கினர். தாய்மார் வாசலில் வந்து அழுததும், உறவினர் வலிந்து இழுத்துச் செல்ல முயன்றதும், வழக்குகள் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றதும் அக்கால ஏடுகளில் பதிவாகியுள்ளன. இராஜகோபால் பிற்காலத்தில் போதகராகிச் சென்னையில் நெடுங்காலம் உழைத்தார். வெற்றிக் கதையாகவே இதனை நாம் சொல்லி வருகிறோம். ஆனால், பதின்பருவத்து இளைஞன் ஒருவன் ஒரே இரவில் தாய்மொழி பேசும் வீட்டிலிருந்து அயல்நாட்டார் இல்லத்திற்குக் குடிபெயர்ந்து, தான் உண்ட உணவு, உடுத்திய உடை, உறங்கிய பாய் யாவற்றையும் மாற்றிக்கொண்டபோது அவன் உள்ளம் பட்ட பாட்டை நம் அறிக்கைகள் எழுதவில்லை.

3. நீதிமன்றத்தின் முன் நின்ற வீடு

இவ்வழக்குகளின் நடுநாயகமாக நின்ற கேள்வி, எவ்வயதில் ஒருவன் தன் மனச்சாட்சிக்குத் தானே உடையவனாகிறான் என்பதாகும். 1843இல் பம்பாயில் நாராயண சேஷாத்திரி என்னும் பிராமண இளைஞர் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய தம்பி ஸ்ரீபதி ஏறத்தாழ 12 வயதுச் சிறுவன். அவனும் மிஷன் இல்லத்திற்கு வந்துவிட்டான். தந்தை வழக்காட, நீதிமன்றம் சிறுவனைத் தந்தையிடம் ஒப்புவித்தது.

ஆயின், வீட்டிற்குத் திரும்பியவனை வீடு ஏற்கவில்லை. கிறிஸ்தவரோடு உண்டவன் மீண்டும் பிராமணனாக முடியுமா என்ற வினா எழுந்தது. பிராயச்சித்தம் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மராத்தி இதழியலின் முன்னோடியான பால சாஸ்திரி ஜாம்பேகர் வாதாடினார். வைதிகர் பலர் மறுத்தனர். ஒருபுறம் சட்டம் அவனைத் திருப்பி அனுப்பியது. மறுபுறம் சாதி அவனை வாசலில் நிறுத்தியது. பெரியவர்கள் தத்தம் கொள்கைகளுக்காகப் போராடியபோது 12 வயதுச் சிறுவன் இரண்டு வீடுகளையும் இழந்து நின்றான். மாணவர் ஊழியத்திலும் சிறுவர் ஊழியத்திலும் ஈடுபடுவோர் மறக்கலாகாத வரலாறு இது. வயது முதிராத பிள்ளையைப் பெற்றோர் அறியாமல் முடிவெடுக்கத் தூண்டுவது நற்செய்திக்கு உகந்த முறையன்று.

சொத்துரிமை பற்றிய போராட்டமும் உடன் எழுந்தது. பழைய சாஸ்திர விதிகளின்படி சாதியிலிருந்து விலக்கப்பட்டவன் பாகம் பெற இயலாது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதம் மாறியதாலோ சாதி இழந்ததாலோ ஒருவனுடைய உரிமைகள் பறிபோகா என்று விதித்தது. சென்னையிலும் வங்காளத்திலும் இந்துப் பெருமக்கள் இதனைக் கடுமையாக எதிர்த்து விண்ணப்பித்தனர். குடும்பச் சொத்து தெய்வ காரியங்களுக்கும் முன்னோர் கடனுக்கும் உரியது, அக்கடனைச் செய்யாதவன் பங்கு கேட்பது நியாயமன்று என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் பொருளில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், சோற்றைக் காட்டி ஒருவனுடைய வழிபாட்டைக் கட்டுப்படுத்தலாகாது என்னும் நெறியைச் சட்டம் ஏற்றது.

பெல்லாரியைச் சார்ந்த ஆபிரகாம் குடும்ப வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் அளித்த தீர்ப்பு மற்றொரு படியாகும். கிறிஸ்தவனானவன் பழைய சட்டத்தைக் கைவிடவும் செய்யலாம். விரும்பினால் அதன் வழக்கங்களைத் தொடரவும் செய்யலாம் என்று அது கூறியது. 1866ஆம் ஆண்டுச் சட்டமோ திருமணத்தைப் பற்றியது. கிறிஸ்தவராக மாறியவரோடு வாழ மறுக்கும் துணைவரைப் பற்றி நீதிமன்றத்தில் முறையிடலாம். நீதிமன்றம் ஓராண்டு பொறுத்திருந்து, அதன் பின்னரும் மறுத்தால் மணத்தை நீக்கலாம் என்றது. அந்த ஓராண்டுக் கால அவகாசம் மனிதத்தன்மை வாய்ந்தது. பிரிவை விரைந்து முடிவாக்காமல், மனம் ஆற இடங்கொடுத்தது.

இன்றைய நிலையையும் குறிப்பிட வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, மதம் மாறியவர் தாம் வாரிசாகும் தகுதியை இழப்பதில்லை. ஆனால், மாறிய பின் அவர்க்குப் பிறக்கும் பிள்ளைகள், சொத்துரிமை எழும் வேளையில் இந்துக்களாக இல்லாவிடில், இந்து உறவினர்க்கு வாரிசாக இயலாது. பட்டியல் வகுப்பினருக்கோ இழப்பு இன்னும் பெரிது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, கிறிஸ்தவராகும் தலித் மக்களைப் பட்டியலிலிருந்து நீக்குகிறது. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சியின் உரிமையை அனைவருக்கும் அளித்திருப்பினும், அதனைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் விலை எல்லார்க்கும் ஒன்றாக இல்லை.

4. பெண்கள் அடைந்த இழப்பு

வீடு துறந்த ஆண்களின் வரலாற்றுக்குள் துறக்க விரும்பாத பெண்களின் வரலாறு மறைந்து கிடக்கிறது. சென்னையில் வாழ்ந்த கிருபாபாய் சத்தியநாதன் (1862–1894) எழுதிய ‘சகுணா’ என்னும் தன்வரலாற்றுப் புதினம் 1887–88இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. பம்பாய் மாகாணத்துப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் அவருடைய பெற்றோர். கணவன் நம்பிக்கையால் போனான். மனைவியோ மனமின்றிப் பின்தொடர்ந்தாள். அவளுக்கு அது மதமாற்றமன்று, நாடுகடத்தல். பின்னர் அவள் தன் சொந்த நம்பிக்கைக்கு வந்தாள் என்பது உண்மையே. ஆனால், அந்நம்பிக்கை மலர ஆண்டுகள் பல தேவைப்பட்டன. வீட்டுத் தலைவன் ஒருவன் எடுத்த முடிவை முழுக் குடும்பத்தின் மீட்பு என்று கணக்கெழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கணக்கை மகளாகிய கிருபாபாய் அமைதியாகத் திருத்தி எழுதினார்.

பண்டித ரமாபாய் (1858–1922) மற்றோர் உண்மையை நமக்குக் கற்பிக்கிறார். 1882இல் கணவனை இழந்த அவர், 1883இல் இங்கிலாந்தில் வாண்டேஜ் என்னும் இடத்தில் திருமுழுக்குப் பெற்றார். அங்கிருந்த ஆங்கிலிக்கன் சகோதரிகள் அவரை மகளாக ஏற்று அன்பு காட்டினர். அதே அன்பால் அவருடைய சிந்தனையையும் நடத்த முயன்றனர். திரித்துவம் முதலிய கோட்பாடுகள் பற்றி அவர் கேள்வி எழுப்பியபோது அது அடங்காமையாகக் கருதப்பட்டது. ஒரு சமயத் தலைமையின் கட்டிலிருந்து விடுபட்டு வந்தது மற்றொரு கட்டுக்குள் தம் மனச்சாட்சியை ஒப்புவிப்பதற்காக அன்று என்னும் கருத்துப்பட அவர் கடிதங்களில் எதிர்வாதம் செய்தார். 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தையும், பின்னர்க் கேட்காவில் முக்தி இல்லத்தையும் அமைத்து, வீடற்ற பெண்களுக்கு வீடானார். புதிய குடும்பமும் கடிவாளமாக மாறக்கூடும் என்பதை முன்னரே உணர்ந்தவர் அவர்.

5. மிஷன் வளாகம் என்னும் புதிய வீடு

வீட்டை இழந்தவர்க்கு மிஷன் வளாகம் கூரையளித்தது. உணவும் கல்வியும் வேலையும் துணையும் தந்தது. இந்நன்றியை நாம் மறப்பது தகாது. எனினும், அவ்வளாகத்தின் மதில் இருபுறமும் தடுத்தது. வெளியிலிருந்து வரும் துன்பத்தைத் தடுத்தது போலவே, உள்ளிருப்போர் வெளியே வேரூன்றுவதையும் தடுத்தது. மதம் மாறியவனுக்கு மிஷன் வேலையன்றி வேறு வேலையில்லை. மிஷனரியின் நல்லெண்ணமன்றி வேறு பிணையில்லை. தந்தையின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டிருந்தவன் மிஷனரியின் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டவனாக மாறினான்.

இதற்கு ஒரு சிறந்த விதிவிலக்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) ஆவார். நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய அவர், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சொந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவில் அது நிகழ்ந்தது என்பதே அக்காலத்துச் சமூக நெருக்கடியைக் காட்டும். முப்பது வயது கடந்தவர், கற்றவர், தொழிலுடையவர் என்பதால் அவரால் சொந்தக் காலில் நிற்க முடிந்தது. மேலும், வீட்டை விட்டபோது அவர் வெறுங்கையோடு வரவில்லை. கம்பனும் ஆழ்வார்களும் ஊட்டிய தமிழை உடன் கொண்டு வந்தார். 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகம், பழைய வீட்டின் செல்வத்தால் புதிய வீட்டை அழகு செய்த காவியம். அவருடைய தொடர்பினால் 24ஆம் வயதில் கிறிஸ்துவை ஏற்றவர் வழக்கறிஞர் ஏ. எஸ். அப்பாசாமி பிள்ளை, அப்பாசாமி பிள்ளையின் மைந்தரே பக்தி நெறியில் கிறிஸ்தவ இறையியலை வளர்த்த பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி. தாம் வந்த வழியை மறவாதவர் பிறர்க்கும் வழியானார்.

ஆற்காட்டுப் பகுதியின் சிற்றூர்களிலோ நிலைமை முற்றிலும் வேறு. 1853இல் ஸ்கடர் சகோதரர் மூவர் தொடங்கிய ஆற்காடு மிஷனின் சபைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பங்குடும்பமாக வந்து சேர்ந்ததால் உருவானவை. அங்கு மகன் தாயை இழக்கவில்லை. சேரி முழுவதும் சேர்ந்தே வந்தது. அவர்களுக்கு எதிராக எழுந்தது வீட்டாரின் சீற்றமன்று, நிலவுடைமையாளரின் சீற்றம். வேலை மறுக்கப்பட்டது, கடன் நெருக்கப்பட்டது. ஆயினும் அடுத்த வீட்டில் அடுப்பெரிந்தது, அது அவர்களுடையதாக இருந்தது. தனியே வந்த உயர்சாதி இளைஞன் பெற்ற கல்வியும் பதவியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பெற்றிருந்த சுற்றம் அவனுக்குக் கிடைக்கவில்லை. இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தால் ஒருவர் குறையை ஒருவர் நிறைத்திருக்கலாம். சாதி அதற்கு இடந்தரவில்லை என்பது நம் திருச்சபையின் பெருந்துயரம்.

6. புதிய வீடும் குறுகலாம்

வெளியேறி வந்தவர்கள் எல்லாரும் விடுதலையிலேயே நிலைத்தனர் என்று சொல்ல இயலாது. திருவிதாங்கூரில் தமிழ்ப் பிராமணர் ஒருவர் 1861இல் குடும்பத்தோடு திருச்சபையில் சேர்ந்து ஜஸ்டஸ் ஜோசப் என்னும் பெயர் பெற்றார். புலமையும் இசைத்திறமும் உடைய அவர் சி.எம்.எஸ். சபையில் குருவானார். 1875ஆம் ஆண்டளவில் அங்கு எழுந்த எழுப்புதலின் தலைவராகி, கிறிஸ்து 1881இல் வருவார் என்று நாள் குறித்து அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் நம்பினர். ஐக்கியத்தை விட்டு விலகித் தனிச் சமூகமாயினர். குறித்த நாள் வந்தது, கடந்தது. பலர் திரும்பி வந்தனர். எஞ்சியோர் ‘யுயோமயம்’ என்னும் தனிக்குழுவாக நின்றனர்.

திரும்பி வந்தவர்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர்கள் நம்பியது பொய்த்தது. அதை நம்பியதற்காக அயலாரின் நகைப்பையும் சுமக்க வேண்டியிருந்தது. அவர்களும் ஒருவகையில் தீவிரமான வீட்டிலிருந்து வெளியேறியவர்களே. இன்றும் மருத்துவத்தை மறுக்கும் குழுக்களும், வருகையின் நாளைக் குறிக்கும் போதகர்களும், மாற்றுச்சபையாரோடு மணமும் உணவும் தடுக்கும் வீடுகளும் கிறிஸ்தவப் பெயரோடு இருக்கக் காண்கிறோம். அங்கிருந்து மனம் நொந்து வெளிவரும் இளைஞர், வேதத்தைக் கையில் எடுக்கவும் அஞ்சுவர். அவர்களைப் பின்மாற்றக்காரர் என்று முத்திரையிடுவதில் நாம் விரைவு காட்டுகிறோம். இந்து இல்லத்திலிருந்து வந்தவனைச் சாட்சி சொல்ல மேடையேற்றும் நாம், நம் இல்லத்திலிருந்து போகிறவனின் பெயரைச் சொல்லவும் கூசுகிறோம். மனச்சாட்சியின் உரிமை உள்ளே வரும் வாசலுக்கு மட்டும் உரியதாயின் அது உரிமையாகாது.

7. வெளியேறத்தான் வேண்டுமா?

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைத் துணிவோடு எழுப்பியவர்கள் நம் நாட்டவரே. சென்னையில் ஓ. கந்தசாமி செட்டியார் கிறிஸ்துவை வெளிப்படையாகப் போற்றியும் திருமுழுக்குப் பெறாமலே இருந்தார். 1915இல் மிஷனரிகள் கூடிய அவையிலேயே தம் நிலையை விளக்கிப் பேசினார். 1903இல் திருமுழுக்குப் பெற்ற வெங்கல் சக்கரையோ தம் பெயரையும் உடையையும் நாட்டுப்பற்றையும் விடாமல், தொழிலாளர் தலைவராகவும், 1941இல் சென்னை மாநகர மேயராகவும் விளங்கினார். கிறிஸ்துவிடம் வருவது அயல்நாட்டுச் சமூகமொன்றில் குடியேறுவதன்று என்று அவரும் அவர் நண்பர் பி. செஞ்சையாவும் வலியுறுத்தினர். 1991இல் ஹெர்பர்ட் ஹோஃபர் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டில் திருமுழுக்கின்றிக் கிறிஸ்துவை வழிபட்டு வரும் பலரைச் சந்தித்து எழுதப்பட்டது. அவர்களுள் பெண்கள் கணிசமானவர்கள். குடும்பத்தையும் பிள்ளைகளின் திருமணத்தையும் எண்ணி அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தனர்.

இவர்களைக் கோழைகள் என்று தீர்ப்பிடுவோர் உண்டு. மாற்கு 10:29–30இல் வீட்டையும் உடன்பிறந்தாரையும் தாய் தந்தையரையும் விட்டவர்க்கு ஆண்டவர் அளிக்கும் வாக்குறுதியை அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆனால், அவ்வாக்குறுதியை முழுதும் வாசிக்க வேண்டும். விட்டவன் நூறு மடங்கு வீடுகளையும் தாய்மாரையும் ‘இம்மையிலேயே’ பெறுவான் என்பது அதன் கருத்து. அவற்றைக் கொடுப்பவர் யார்? வானத்திலிருந்து வீடுகள் இறங்குவதில்லை. சீடர் கூட்டமே அவ்வீடும் அத்தாயும் ஆகும். ஆகவே அவ்வசனம் வெளியேறுகிறவன் மீது சுமத்தும் கட்டளையைவிட, ஏற்றுக்கொள்ளும் சபை மீது சுமத்தும் கடனே பெரிது. தாயாக நிற்க ஆயத்தமில்லாத சபைக்குத் தாயை விட்டு வா என்று அழைக்கும் உரிமை இல்லை. மாற்கு 7:9–13இல் சமயக் காணிக்கையின் பெயரால் பெற்றோரைக் கைவிடுவதை ஆண்டவரே கடிந்துகொண்டதையும், யோவான் 19:26–27இல் சிலுவையில் தொங்கியபோதும் தம் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்ததையும் இதனோடு சேர்த்து வாசித்தல் தகும்.

8. சபைகள் செய்யத்தக்கன

இவ்வரலாற்றிலிருந்து நம் சபைகளும் இறையியல் மாணவரும் பெறத்தக்க பாடங்கள் சிலவற்றைச் சுட்டி முடிக்கலாம்.

முதலாவது, வெளியேறி வந்தவரின் அன்றாட வாழ்வே நம் முதற்கவலையாக வேண்டும். தங்க ஓர் அறை, செய்ய ஒரு தொழில், நோயுற்றால் உடனிருக்க ஓர் ஆள், தீபாவளி நாளிலும் பொங்கல் நாளிலும் தனித்திராமல் உண்ண ஒரு வீடு ஆகியவை வேதபாடத்திற்குப் பின்பு வரவேண்டியன அல்ல. பள்ளிச் சான்றிதழ், அடையாள அட்டை, சொத்துப் பங்கு போன்றவற்றில் நல்ல வழக்கறிஞர் ஒருவரின் அறிவுரையும் அவர்க்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, அவரைச் சாட்சிப் பொருளாக்கலாகாது. பழைய வீட்டின் குற்றங்களை மேடையில் சொல்லச் சொல்வது, அவர் திரும்பிச் செல்லும் பாதையில் முள் இடுவதாகும். அவர் சொல்வதைச் சபை கைதட்டிக் கேட்கும். அச்செய்தி அவருடைய தாயின் காதுக்கும் எட்டும்.

மூன்றாவது, பழைய வீட்டுக்கும் அவர்க்கும் இடையே உள்ள வாசலை நாம் மூடலாகாது. கடிதம் எழுதவும், தந்தை நோயுற்றால் சென்று காணவும், இறந்தால் உடனிருந்து அழவும் அவரை ஊக்குவிக்க வேண்டும். போதகர் தாமே அப்பெற்றோரைச் சந்தித்து, உங்கள் மகன் உங்கள் மகனாகவே இருக்கிறான் என்று சொல்லத் துணிய வேண்டும். உயிருக்கு அச்சம் உள்ளபோது மட்டும் பாதுகாப்பு முதலிடம் பெறும்.

நான்காவது, அவர் நம்மிடமும் ‘இல்லை’ என்று சொல்ல உரிமையுடையவர். திருமுழுக்கிற்குக் காலம் கேட்கலாம், கேள்வி கேட்கலாம், நம்மை விட்டுச் செல்லவும் செய்யலாம். ரமாபாய்க்கு மறுக்கப்பட்ட பொறுமையை நாம் இவர்க்கு அளிப்போமாக.

ஐந்தாவது, நம் சொந்தப் பிள்ளைகள் நம் நம்பிக்கையை விட்டு விலகும்போது நம் வீடு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே நாம் பிறர் வீடுகளைப் பற்றிப் பேசும் தகுதியை முடிவு செய்யும். அன்று சென்னையில் மிஷன் வாசலில் நின்று அழுத தாயின் துயரத்தை அறிய விரும்புவோர், தம் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரமாட்டேன் என்று சொல்லும்போது தம் உள்ளத்தில் எழும் கலக்கத்தைக் கவனித்தாற் போதும். அக்கலக்கத்தைச் சினமாக்காமல், அவனுக்கு வழக்கம்போல் உணவு பரிமாறும் தாயே திருச்சபைக்கு இலக்கணம் கற்பிக்கிறாள்.

தமிழில் ‘வீடு’ என்னும் ஒரே சொல் மனிதன் குடியிருக்கும் இல்லத்தையும் ஆன்மா அடையும் விடுதலையையும் குறிக்கும். பிறந்த வீட்டில் விடுதலை காணாதவர் நம்மைத் தேடி வரும்போது, விடுதலையைப் பற்றிப் பேசிவிட்டு இல்லத்தைத் தராமலும், இல்லத்தைத் தந்துவிட்டு விடுதலையைப் பறிக்காமலும் இருக்கத் திருச்சபை கற்றுக்கொள்ள வேண்டும்.